பார்க்காமல் சொல்லும் பதில்

இயற்பியல் கற்பிப்பவர்களுக்குக் கல்லூரிக்கு வெளியேயும் ஒரு வேலை உண்டு. ஊரில் யார் வீட்டில் எது பழுதானாலும், "சார், ஒரு சந்தேகம்" என்று ஒரு கேள்வி வந்து சேரும். செஞ்சி போன்ற சிறிய ஊரில் இது சற்று அதிகம். காய்கறிக் கடையில் வரும்; திண்டிவனம் பேருந்தில் வரும்; இப்போது கைபேசியிலும் வருகிறது. கேட்பவர் பல சமயம் முன்பின் அறியாதவர். அப்படி வரும் கேள்விகளில் மிகச் சாதாரணமானது இது: "எங்கள் வீட்டுக் கிரைண்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது. என்ன செய்யலாம்?"

இதற்கு ஒரு வரியில் பதில் தயாராக இருக்கிறது. "எர்த் சரியில்லை, எர்த் போடுங்கள்" என்பதே அது. இந்தப் பதிலைச் சொல்லத் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பதில் சரியாகவும் இருக்கக்கூடும். ஆனால் கிரைண்டரையும், வீட்டையும், அந்த வீடு நிற்கும் தரையையும் பார்க்காத ஒருவர் அதைச் சொல்லலாமா? நண்பர்களே, அந்த ஒரு வரிக் கேள்விக்குள் எத்தனை கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்று கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

டெஸ்டர் சொல்வது என்ன?

டெஸ்டருக்குள் ஒரு சிறிய நியான் குமிழும், ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் மின்தடையும் இருக்கின்றன. நுனியை மின்னழுத்தம் உள்ள இடத்தில் வைத்து, மறுமுனையை விரலால் தொடுகிறோம். மின்னோட்டம் குமிழ் வழியாக, நம் உடல் வழியாகத் தரைக்குச் செல்கிறது. அது ஒரு மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பகுதிதான். ஆகவே நமக்கு உறைப்பதில்லை. நியான் ஒளிர அவ்வளவே போதும்.

அவ்வளவே போதும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மோட்டார் சுருளின் காப்பு கெட்டு, ஃபேஸ் கம்பி நேராக உலோக உடலைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் டெஸ்டர் எரியும். அது உயிரைப் பறிக்கும் நிலை. பழுதே இல்லாத கணினிப் பெட்டியிலும் எரியும். கணினியின் மின்வழங்கியில் ஃபேஸுக்கும் பெட்டிக்கும் இடையே ஒன்றும், நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் இடையே ஒன்றுமாக இரண்டு சிறிய மின்தேக்கிகளை வைத்திருப்பார்கள். எர்த் இணைப்பு இல்லையென்றால் பெட்டி இரண்டுக்கும் நடுவே, அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். தொட்டால் சுருசுருவென்று இருக்கும். ஆனால் பாயக்கூடியது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் டெஸ்டர் வேறுபாடு காட்டாது.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. தடித்த ரப்பர்ச் செருப்புடன், நல்ல வெயிலில் நின்று பார்த்தால், எரிகிற குமிழும் எரியாததுபோல் தெரியும். "டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டேன் சார், கரன்ட் இல்லை" என்ற சொல்லை நம்பி மேற்கொண்டு யோசனை சொல்வது ஆபத்து.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். வரிசை வீடுகளில் நான்கைந்து குடித்தனங்களுக்குச் சேர்த்து ஒரே எர்த் கம்பி போட்டிருப்பார்கள். அந்த எர்த் சரியாக இல்லாதபோது பக்கத்து வீட்டு மிக்ஸியில் பழுது ஏற்பட்டால், அந்த மின்னழுத்தம் பொதுக் கம்பி வழியாக உங்கள் கிரைண்டரின் உடலுக்கும் வந்துவிடும். நோய் அங்கே, வலி இங்கே! கிரைண்டரை மூன்று முறை பழுது பார்த்தாலும் ஷாக் நிற்காது. கேட்பவர் பக்கத்து வீட்டைப் பற்றி ஏன் சொல்லப் போகிறார்? அது கேள்விக்குச் சம்பந்தமானது என்று அவருக்குத் தெரிந்திருந்தால், கேள்வியே எழுந்திருக்காது.

தூரத்திலிருந்து யோசனை சொல்வதன் அடிப்படைத் தொல்லை இதுதான். எது முக்கியமான செய்தி என்று தீர்மானிப்பவர் கேட்பவர். அதற்கு வேண்டிய அறிவு இருப்பதோ பதில் சொல்பவரிடம்.

தரையும் ஒரு மின்தடைதான்

சரி, எல்லாம் விசாரித்தாயிற்று. எர்த்தான் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எர்த் போடச் சொல்லலாமா? சொல்லலாம். ஆனால் எந்தத் தரையில்?

பாடப் புத்தகப் படத்தில் எர்த் கம்பி தரைக்குள் போய் மூன்று சிறு கோடுகளில் முடிந்துவிடும். உண்மையில் கதை அங்கேதான் தொடங்குகிறது. குழாயிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் மின்னோட்டம் எல்லாப் பக்கமும் விரிந்து பரவுகிறது. குழாயை ஒட்டிய மண் அடுக்கின் பரப்பு சிறியது. ஆகவே அதன் தடை அதிகம். விலக விலகப் பரப்பு பெரிதாகித் தடை குறைகிறது. மொத்தத் தடையில் பெரும்பங்கு குழாயைச் சுற்றியுள்ள மண்ணிலேயே இருக்கிறது. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது இதனால்தான்.

தரையிணைப்புக்கு ஐ.எஸ். 3043 என்று ஒரு தனி இந்தியத் தர விதித்தொகுப்பே உள்ளது. அதிலுள்ள சூத்திரத்தைக் கொண்டு, 40 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு ஜி.ஐ. குழாய்க்குக் கணக்குப் போட்டால், ஓம் அளவில் அதன் தரைத்தடை, ஓம்-மீட்டரில் மண்ணின் மின்தடை எண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று வருகிறது. நினைவில் வைக்க எளிதான கணக்கு.

செஞ்சி மலைகளில் உற்பத்தியாகிப் புதுச்சேரிப் பக்கம் கடலில் சேரும் சங்கராபரணி ஆற்றங்கரையில், ஈரக் களிமண்ணில் ஒரு வீடு இருப்பதாகக் கொள்வோம். அங்கே மின்தடை எண் 20 ஓம்-மீட்டர் என்றால், எர்த் தடை 7 ஓம். தெரு மின்மாற்றியின் தரையிணைப்புத் தடை 3 ஓம் என்போம். மொத்தம் 10 ஓம். கிரைண்டரில் ஃபேஸ் உடலைத் தொட்டுவிட்டால் 230-ஐ 10 ஆல் வகுக்க, 23 ஆம்பியர் பாயும். 5 ஆம்பியர் ஃபியூஸ் கண் இமைக்கும் நேரத்தில் உருகி அறுந்துவிடும். எர்த் தன் வேலையைச் செய்துவிட்டது.

இப்போது ராஜகிரி அடிவாரத்துக்கு வாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் பாறைமேல் பாறை அடுக்கிய குன்றுகள் என்பது கோட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் ஓரிரு அடி தோண்டினாலே பாறை தட்டுகிற இடங்கள் உண்டு. கருங்கல்லின் மின்தடை எண் ஆயிரக்கணக்கில் போகும். குறைத்தே 1000 என்று வைத்துக்கொள்வோம். எர்த் தடை 350 ஓம். மொத்தம் 353. அதே பழுது, அதே கிரைண்டர். பாயும் மின்னோட்டமோ வெறும் 0.65 ஆம்பியர். ஃபியூஸுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஒரு பழைய காலத்து 150 வாட் குண்டு விளக்கு எரிகிற மாதிரி, இரவும் பகலும் மின்சாரம் தரைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், மீட்டரும் ஓடும். கிரைண்டரின் உடலோ 228 வோல்ட்டில் நிற்கும். ஈரக் கையுடன் தொடுபவரின் உடல் தடை 2000 ஓம் என்று கொண்டாலும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். இதயத்துடிப்பு தடுமாற அது போதும்.

"எர்த் போடுங்கள்" என்ற அதே யோசனையை இரண்டு வீட்டாரும் கேட்டார்கள், குழாய் புதைத்தார்கள், செலவும் செய்தார்கள். ஒரு வீட்டில் அது உயிரைக் காக்கிறது. மற்றொரு வீட்டில் அது "எர்த் போட்டாயிற்று" என்ற தைரியத்தை மட்டும் கொடுக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டில் மக்கள் பயந்து பயந்து தொடுவார்கள். இங்கே பயமும் போய்விட்டது. பாறைத் தரைக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

தனியே பயணம் போகும் பதில்கள்

ஒரு யோசனை சொல்லப்பட்ட பிறகு, அது கேள்வியைக் கழற்றிவிட்டுத் தனியே ஊர் சுற்றத் தொடங்குகிறது. ஆற்றங்கரை வீட்டுக்காரர் தம் மைத்துனருக்குச் சொல்வார். மைத்துனர் அலுவலகத்தில் சொல்வார். "சங்கராபரணிக் கரையில், ஈர மண்ணில்" என்ற பகுதி முதல் கைமாற்றத்திலேயே உதிர்ந்துவிடும்.

இடம் மாறுவது போலக் காலமும் மாறும். "தண்ணீர்க் குழாயில் எர்த் கம்பியைக் கட்டு" என்பது முன்பு பலரும் சொன்ன யோசனை. அப்போது வீட்டுக் குழாய்கள் இரும்பு. தெருவில் நீண்ட தூரம் மண்ணுக்குள் ஓடின. பெரும்பாலும் அது வேலை செய்தது. இன்று குழாய்கள் பிளாஸ்டிக். சுவரில் தெரிகிற பித்தளைக் குழாய்முனைக்குப் பின்னால் மின்கடத்தாப் பொருள்தான் இருக்கிறது. அங்கே எர்த் கம்பியைக் கட்டினால், கிரைண்டரின் பழுது குளியலறைக் குழாய்முனைக்கு வந்து சேரும். அதைத் தொடுபவர் நனைந்த உடம்போடு இருப்பார். தாத்தா சொன்ன யோசனை தவறல்ல. அது நின்றிருந்த இரும்புக் குழாய்தான் போய்விட்டது.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. "எர்த்தும் நியூட்ரலும் மின்மாற்றியில் ஒரே இடத்தில்தானே சேர்கின்றன? பிளக்கிலேயே இரண்டையும் சேர்த்துவிடு, ஷாக் நின்றுவிடும்." இதைச் சொல்பவருக்குக் கொஞ்சம் மின்னியல் தெரிந்திருக்கிறது, அதனால்தான் ஆபத்து. மின்மாற்றியில் நியூட்ரலைத் தரையுடன் இணைத்திருப்பது உண்மை. பிளக்கில் சேர்த்தால் ஷாக் நின்றுவிடுவதும் பல நேரம் உண்மை. கேட்டவர் நன்றிகூடச் சொல்வார். என்றாவது ஒரு நாள் காற்றிலோ மழையிலோ வீட்டுக்கு வரும் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்துவிடுகிறது என்று வையுங்கள். விளக்குகள் அணைகின்றன. ஆனால் ஃபேஸ் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. சுவிட்ச் போட்டிருந்த விளக்கின் இழை வழியாக அது நியூட்ரல் கம்பிக்கு வந்து, நீங்கள் சேர்த்துவைத்த அந்த இணைப்பு வழியாகக் கிரைண்டரின் உடலுக்கு வந்து நிற்கிறது. கரன்ட் போய்விட்டது என்று எல்லோரும் நினைக்கிற நேரத்தில்!

யோசனை சொன்னவருக்கு இது தெரியவே வராது என்பதையும் கவனியுங்கள். பலன் கிடைத்தவர் சில சமயம் வந்து சொல்வார். பலன் கிடைக்காதவர் வேறொருவரிடம் போய்விடுவார். ஆகவே யோசனை சொல்பவரின் மனத்தில் அவருடைய வெற்றிகள் மட்டுமே சேர்ந்துகொண்டு போகும். தன் கருவியை ஒருபோதும் சரிபார்க்க முடியாத சோதனையாளரைப் போன்ற நிலை அவருடையது.

வெடிமருந்துக் கிடங்கும் கிணறும்

தரையை நேரில் போய்ப் பார்த்து யோசனை சொன்ன ஒரு குழுவின் கதை இயற்பியல் வரலாற்றில் இருக்கிறது. 1769-ல் இத்தாலியின் பிரெஸ்சியா நகரில் வெடிமருந்து வைத்திருந்த இடம் ஒன்றை மின்னல் தாக்கி, நகரத்தின் ஒரு பகுதி நாசமாயிற்று. ஆங்கிலேயருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தேம்ஸ் நதிக்கரையில் பர்ஃபிளீட் என்ற இடத்தில் அவர்களுடைய வெடிமருந்துக் கிடங்குகள் இருந்தன. அவற்றைக் காக்க என்ன செய்யலாம் என்று 1772-ல் ராயல் சொசைட்டியைக் கேட்டார்கள். செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஹென்றி கேவண்டிஷ் போன்றோர் குழுவில் இருந்தார்கள்.

குழு இடத்தைப் பார்வையிட்டது. அங்கே தரை சுண்ணாம்புப் பாறை. ஆகவே கூரிய முனையுள்ள இடிதாங்கிக் கம்பிகளை நிறுத்துவதோடு, பாறையில் கிணறு தோண்டி, நான்கு அடியாவது தண்ணீர் நிற்கும்படி செய்து, கம்பியை அந்தத் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்கள். நம் எர்த் குழியின் பெரிய அண்ணன்தான் அந்தக் கிணறு!

இவ்வளவு செய்தும் அவர்களுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. குழுவிலிருந்த பெஞ்சமின் வில்சன், கூர்முனை மின்னலைத் தேவையின்றி அழைக்கும், மழுங்கிய குமிழ்தான் வேண்டும் என்று மறுத்தார். 1777 மே மாதம் பர்ஃபிளீட்டில் ஒரு கட்டடத்தை மின்னல் தாக்கிச் சில செங்கற்கள் பெயர்ந்தன. சேதம் அற்பம், ஆனால் வில்சன் லண்டனில் ஒரு பெரிய மண்டபத்தில் மன்னருக்கே சோதனை செய்து காட்டினார். மூன்றாம் ஜார்ஜ் குமிழின் பக்கம் சேர்ந்தார். அமெரிக்கா அப்போது அவரை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தது, ஃபிராங்க்ளின் அமெரிக்கர். கம்பியின் முனை அரசியலாகிவிட்டது. யோசனையை எடைபோடாமல் சொன்னவரை எடைபோடும் பழக்கம் நம் காலத்தில் பிறந்ததல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மலை ஒன்றின்மேல் சார்ல்ஸ் மூரும் அவருடைய குழுவினரும் கூரிய கம்பிகளையும் மழுங்கிய கம்பிகளையும் ஏழாண்டுகள் அருகருகே நிறுத்திப் பார்த்தார்கள். மழுங்கிய கம்பிகளில் பன்னிரண்டை மின்னல் தாக்கியது. கூரியவற்றில் ஒன்றைக்கூடத் தாக்கவில்லை. அந்த முடிவு 2000-ல் வெளியாயிற்று. மின்னலைத் தன்மேல் வாங்கிக்கொள்வதுதான் இடிதாங்கியின் வேலை என்றால், ஓரளவு மழுங்கிய முனையே மேல். ஆக, ராயல் சொசைட்டியின் முனை பற்றிய யோசனை திருத்தத்துக்கு உள்ளாகியிருக்கிறது. கிணறு பற்றிய யோசனைக்கு அந்த நிலை வரவில்லை.

நேரில் போக முடியாதபோது

எல்லா இடத்துக்கும் நேரில் போக முடியாது. 1970 ஏப்ரலில் சந்திரனுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பல்லோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூன்று வீரர்களும் சந்திரனில் இறங்குவதற்கான சிறு கலத்தில் தஞ்சம் புகுந்தார்கள். இருவருக்காகச் செய்த அதில், மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் குப்பிகள் போதவில்லை. தாய்க்கலத்தின் குப்பிகள் உண்டு. ஆனால் அவை சதுரம், சிறு கலத்தின் துளையோ வட்டம். மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து யோசனை சொல்ல வேண்டும். ஹூஸ்டனில் இருந்த பொறியாளர்கள், விண்கலத்தில் என்னென்ன பொருள் இருக்கிறதோ அவற்றை மட்டும் மேசையில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்: பிளாஸ்டிக் பை, அட்டை, விண்ணுடைக் குழாய், ஒட்டு நாடா. அவற்றைக் கொண்டு தாங்களே ஒன்று செய்து, அது வேலை செய்வதை உறுதி செய்துகொண்டு, பிறகுதான் படிப்படியாக வானொலியில் வாசித்தார்கள். மேலே கார்பன் டை ஆக்சைடு அளவு இறங்கியது. இறங்கியதைக் கருவி காட்டியது, ஹூஸ்டனுக்குத் தெரிந்தது. கிரைண்டர் கேள்விக்குப் பதில் சொல்பவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது.

நம் ஊர் அளவில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, 2004-ல் மத்திய அரசு தொடங்கிய உழவர் தொலைபேசி ஆலோசனை மையம். "மணிலா இலை மஞ்சளாகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று செஞ்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்பது மருந்தின் பெயரை. பயிர் அறிவியல் தெரிந்தவர் மருந்தைச் சொல்லமாட்டார், "முதலில் மஞ்சளானது அடி இலையா, குருத்து இலையா?" என்று கேட்பார். தழைச்சத்துக் குறைந்தால் செடி பழைய இலைகளிலிருந்து அதை எடுத்துப் புதிய இலைகளுக்கு அனுப்பும். ஆகவே அடி இலை மஞ்சளாகும். இரும்புச் சத்து அப்படி நகராது. ஆகவே குருத்து மஞ்சளாகும். இலையைப் பார்க்காமலே பாதிச் சிக்கலைத் தீர்க்கும் கேள்வி அது. கேட்பவருக்கு எரிச்சல் வருவதும் இயல்பே. மருந்து கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்கிறாரே! எனக்கும் இந்தப் பேச்சு கிடைப்பதுண்டு: "ஒரு எர்த் விஷயத்துக்கு இத்தனை விசாரணையா சார்?"

இனி, பாறைத் தரைக்குச் சொல்வதாகச் சொன்ன வழி. ஆர்.சி.சி.பி. என்ற கருவி, ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒரு வளைய உள்ளகத்தில் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். ராஜகிரி அடிவார வீட்டில் கசிந்தது 650 மில்லி ஆம்பியர். ஃபியூஸ் கவனிக்காத அதை இது உடனே பிடித்துவிடும். 350 ஓம் எர்த்தில் 30 மில்லி ஆம்பியருக்குக் கிரைண்டரின் உடல் ஏறக்கூடிய மின்னழுத்தம் பத்து வோல்ட் சொச்சம்தான். ஆகவே பாறை வீட்டுக்கு எர்த்தும் வேண்டும், இதுவும் வேண்டும். பொருத்துவது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. மெயினை அணைத்துவிட்டு அவரை அழைப்பது உங்கள் வேலை.

அந்தக் கருவியின் முகப்பில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இணைப்பு துண்டிக்கப்பட வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் கருவியை மட்டுமே சோதிக்கிறது. அது உள்ளேயே ஒரு மின்தடை வழியாக வித்தியாசத்தை உண்டாக்கிக்கொள்வதால், எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். எர்த் குழியின் தடையை அளக்கத் தனிக் கருவி வேண்டும். அதையும் ஐப்பசி மழையில் அளந்துவிட்டுத் திருப்தி அடையாமல், சித்திரையில், குழி காய்ந்து கிடக்கும்போது அளக்கச் சொல்லுங்கள்.